ஏற்காட்டிலிருந்து லண்டனுக்கு 240 மில்லி செகண்ட்: நடுவுல யார் வீட்டுக்குப் போய்ட்டு வருது?

கேள்வி: 7 ஜூன் 2025, இரவு 9.15

அண்ணா, ஏற்காடு ஒண்டிக்கடை பக்கம் வீடு. லண்டன்ல இருக்கிற ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். போன செவ்வாய் வரைக்கும் அவங்க சர்வருக்கு பிங் (தகவல் போய்வர ஆகிற நேரம்) 140 மில்லி செகண்ட். இப்ப 240. ஸ்பீடு டெஸ்ட் போட்டா 100 எம்பி முழுசா காட்டுது. கஸ்டமர் கேர்ல கேட்டா "மலை ஏரியா சார், அப்படித்தான் இருக்கும்"ங்கறாங்க. பக்கத்து வீட்ல வேற கனெக்‌ஷன், அங்க 145தான். ரெண்டு ஒயரும் ஒரே ஈபி கம்பத்துலதான் தொங்குது. என்னை ஏமாத்துறாங்களா?

பதில்: 7 ஜூன், இரவு 10.05

மலைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை தம்பி. கண்ணாடி இழைக்குள்ள ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவையும் ஒயர் சுத்திச் சுத்தி வந்தாலும், போய்வர ஆகிற நேரம் ஒரு மில்லி செகண்டில் கால்வாசிகூட வராது. அடுத்த தடவை மலையைக் காரணம் சொன்னா இந்தக் கணக்கைச் சொல்லுங்க.

லண்டன் நமக்கு நேர்கோட்டில் எட்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். போய்வர 80 மில்லி செகண்டுக்குக் கீழே யாராலும் இறக்க முடியாது. கேபிள் நேர்கோட்டில் போறதில்லை. மும்பை, அரபிக்கடல், செங்கடல், எகிப்து, மத்திய தரைக்கடல், பிரான்ஸ்ல மார்செய், அப்புறம் லண்டன். அதனால 130லிருந்து 150 வரைக்கும் வந்தா நல்ல வழி. உங்க பழைய 140 அதுதான்.

240ன்னா? அமெரிக்கா போய்ட்டு வருது. பந்தயம்.

7 ஜூன், இரவு 10.20

"எதுக்கு அமெரிக்கா போகணும்?"னு கேட்பீங்க. அங்க போறது மலிவா இருக்கும். ஒரு வரியில சொன்னா அவ்வளவுதான். மீதியை நாளைக்கு எழுதறேன், இங்க மழை, கரண்ட் எந்த நிமிஷமும் போகும்.

8 ஜூன், காலை 7.30

கரண்ட் போச்சு, வந்துச்சு. இப்ப விவரமா.

எங்க மாமா சங்ககிரியில் லாரி வெச்சிருந்தார். லீவுக்குப் போனா லாரி ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து பேச்சைக் கேட்டுக்கிட்டே இருப்பேன். டோல்கேட்டைத் தப்பிக்க ஊருக்குள்ள புகுந்து முப்பது கிலோமீட்டர் சுத்திப் போற டிரைவர்களைப் பத்தி மாமா ஒண்ணு சொல்வார்: டோல் ரசீது முதலாளி கண்ணுக்குத் தெரியும், சரக்குக்காரன் காத்துக் கிடந்த நேரத்துக்கு ரசீது கிடையாது. இன்டர்நெட்டும் அப்படித்தான். பாக்கெட் (துண்டு துண்டா அனுப்பற தகவல்) சுத்திப் போறதால ஆகிற தாமதம் உங்க தலையில விழும். கம்பெனி பில்லில் அதுக்கு ஒரு வரியும் வராது. நேர்வழிக்கான வாடகை மட்டும் வரும்.

ஒரு நெட்வொர்க் இன்னொண்ணோட சேர ரெண்டு விதம் இருக்கு. ஒண்ணு டிரான்சிட்: பெரிய ஆளுக்கு மாசாமாசம் காசு, அவர் உலகம் முழுக்கக் கொண்டு சேர்ப்பார். இன்னொண்ணு பியரிங்: சம பலம் உள்ள ரெண்டு பேர், "உன் வாடிக்கையாளர் டிராஃபிக்கை நீ நேரா என்கிட்ட கொடு, என்னோடதை நான் உன்கிட்ட கொடுக்கிறேன், காசு வேண்டாம்". ஒரு ஊருக்குப் போகப் பல வழி இருந்தா எதை எடுக்கணும்னு ரூட்டருக்கு ஆள் சொல்லி வெச்சிருப்பாங்க. வழக்கமான வரிசை இது: முதல்ல நமக்குக் காசு தர்றவர் வழி. அடுத்தது காசில்லாம கொடுத்து வாங்குறவர் வழி. வேற வழியே இல்லைன்னாத்தான் நாம காசு கொடுக்கிற வழி. எத்தனை கிலோமீட்டர்னு ரூட்டர் கேட்கவே கேட்காது. நெட்வொர்க்குகள் தங்களுக்குள்ள வழி சொல்லிக்கிற பிஜிபி நெறிமுறையில் தூரத்துக்கு ஒரு கட்டமே இல்லை. எத்தனை நெட்வொர்க்கைத் தாண்டணும்னு ஒரு எண்ணிக்கை உண்டு, அதுவும் மேலே சொன்ன வரிசைக்கு அப்புறம்தான்.

இன்னொரு குணமும் உண்டு. கையில் சூடா இருக்கிற கிழங்கை அடுத்தவன் கையில் சீக்கிரம் தள்ளிவிடற மாதிரி, எங்க முதல்ல சந்திக்கிறாங்களோ அங்கேயே ஒப்படைச்சிடுவாங்க. தன் கேபிளில் தூக்கிக்கிட்டு ஓடினா தன் செலவு. அதனால ரெண்டு கம்பெனி எந்த ஊர்ல கைகோத்திருக்காங்களோ, அந்த ஊர்தான் உங்க வழியை முடிவு பண்ணுது. ரெண்டு பேருமே இந்தியக் கம்பெனியா இருந்தும் சிங்கப்பூர்ல மட்டும்தான் சந்திக்கிறாங்கன்னா, ஏற்காட்டுப் பாக்கெட் ஓமலூர் போக சிங்கப்பூர் போய்ட்டுத்தான் வரும்.

8 ஜூன், காலை 8.10

சின்னக் குறிப்பு. ஐந்து ரோடு பக்கம் நான் வண்டி விடற மெக்கானிக்கிட்ட இதையெல்லாம் ஒரு நாள் ஆர்வமா சொல்லிக்கிட்டிருந்தேன். "பியரிங்தான் பிரச்சினை"ன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "முன்வீலா பின்வீலா?"ன்னார்.

9 ஜூன், மாலை 6.40

இந்தக் கேள்வி-பதில் இழை நீளுது, பழைய கதை ஒண்ணு சொல்லிடறேன். பிடிக்காதவங்க தாண்டிப் போங்க.

1999ல புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர். மணிக்கு 40 ரூபாய். நானும் ஒரு சிநேகிதனும் அடுத்தடுத்த கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து ஒருத்தனுக்கொருத்தன் ஈமெயில் அனுப்பி, வந்துச்சா வந்துச்சான்னு எட்டிப் பார்த்துக்குவோம். நடுவுல ஒரு பிளைவுட் தடுப்புத்தான். அந்த மெயில் அமெரிக்கா போய்ட்டு வந்துச்சுன்னு பல வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சுது.

அப்ப வெளிநாட்டு வாசல் ஒண்ணே ஒண்ணு, அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15ல பொதுமக்களுக்கு இன்டர்நெட் திறந்தாங்க. 1998 கடைசியில் தனியார் இன்டர்நெட் கம்பெனிகளுக்கு அனுமதி கிடைச்சுது. வெளிநாட்டுத் தொலைபேசியில வி.எஸ்.என்.எல்.லோட தனியுரிமை முடிஞ்சது 2002ல. இன்னொரு வேடிக்கை, அமெரிக்காவுக்குப் போற லைனோட முழு வாடகையும் ஆசியக்காரன் தலையில. தொலைபேசியில் ரெண்டு நாடும் பாதிப் பாதி போட்டுக்கும். இன்டர்நெட்டில், "உனக்குத்தானே எங்க ஊர் வெப்சைட் வேணும், நீயே வந்து எடுத்துக்கோ"ன்னுட்டாங்க. டிராஃபிக் ரெண்டு பக்கமும் ஓடினாலும் பில் ஒரே பக்கம்.

உள்நாட்டு டிராஃபிக்கை உள்நாட்டிலேயே மாத்திக்க 2003ல நிக்சிங்கிற சந்திப்பு மையம் வந்துச்சு. நல்ல யோசனைதான். ஆனா ஒரு விதி வெச்சாங்க: யார் அதிகம் இழுக்கிறாங்களோ அவங்க மத்தவங்களுக்குக் காசு கொடுக்கணும். வீட்டு இணைப்பு வெச்சிருக்கிற சின்னக் கம்பெனி எப்பவும் இழுக்கிற பக்கம்தானே? சந்தைக்கு வந்து சும்மா நின்னாலே பில். அப்ப சிங்கப்பூரே தேவலைன்னு எத்தனை பேர் கணக்குப் போட்டிருப்பாங்க! பிற்பாடு அந்தக் கட்டணத்தை எடுத்துட்டாங்க.

கென்யாவில் இதைவிட மோசம். 2000ல நைரோபியில் ஒரு சந்திப்பு மையம் வெச்சதும், அரசுத் தொலைபேசி நிறுவனம் புகார் கொடுத்து ஒழுங்குமுறை ஆணையம் அதை மூடவே மூடிடுச்சு. பக்கத்துத் தெருவுக்கு அனுப்பினாலும் கடல் கடந்து போய் வரணும்கிற நிலை. 2002ல மறுபடி திறந்தாங்க.

9 ஜூன், இரவு 9.00

லீ பஜார்லேருந்து ஒரு பெரியவர், தொலைபேசித் துறையில் ரிட்டயர் ஆனவர், என் கணக்கைப் பிடிச்சுட்டார். "தம்பி, சென்னை சிங்கப்பூர், சிங்கப்பூர் அமெரிக்க மேற்குக்கரை, அங்கிருந்து நியூயார்க், அப்புறம் அட்லாண்டிக். ரெண்டு திசையும் அப்படிப் போனா 340 வருமே. 240 எப்படி வரும்? பந்தயம் கட்டறதுக்கு முன்னாடி கூட்டிப் பார்த்தியா?"ன்னு கேட்டிருக்கார்.

ஐயா, கூட்டிப் பார்க்கலை. தப்பு என்னோடது. சிங்கப்பூர் 34, அங்கிருந்து லாஸ் ஏஞ்சலஸ் 175, நியூயார்க் 65, லண்டன் 70. கூட்டினா 344. பந்தயப் பணம் தட்டுவடை செட்டா கொடுத்துடறேன்.

9 ஜூன், இரவு 11.25

தூக்கம் வரலை. 140ல பாதி 70. 340ல பாதி 170. கூட்டினா 240!

அதாவது ஒரு திசை நல்ல வழி, ஒரு திசை கெட்ட வழி. தம்பி, இருந்தா ட்ரேஸ்ரூட் (பாக்கெட் எந்தெந்த ரூட்டர் வழியாப் போகுதுன்னு காட்டற கட்டளை) போட்டு அனுப்புங்க.

11 ஜூன், காலை 6.50

ட்ரேஸ்ரூட் பார்த்தேன். வழியில இருக்கிற ரூட்டர்களோட பெயர்கள்ல விமான நிலையக் குறியீடு இருக்கும், அதை வெச்சு ஊரைப் பிடிக்கலாம். எம்.ஏ.ஏ சென்னை, பி.ஓ.எம் மும்பை, எம்.ஆர்.எஸ் மார்செய், எல்.எச்.ஆர் லண்டன். சுத்தமான வழி, அமெரிக்காவே இல்லை. (சேலத்துக்கும் எஸ்.எக்ஸ்.வின்னு ஒரு குறியீடு உண்டு. இத்தனை வருஷத்தில் ஒரு ட்ரேஸ்ரூட்லயும் நான் அதைப் பார்த்ததில்லை.)

ஆனா ட்ரேஸ்ரூட் போகிற வழியை மட்டும்தான் காட்டும். ஏற்காட்டுக்கு ரெண்டு பாதை இருக்கில்ல? நான் அடிவாரம் வழியா ஏறி, குப்பனூர் வழியா இறங்கினேன்னு வெச்சுக்கங்க. ஏறும்போது மட்டும் வளைவை எண்ணி எழுதினா இருபதுன்னு வரும். இறங்க ஏன் இவ்வளவு நேரமாச்சுன்னு அந்தத் தாளைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. திரும்பற வழியை உங்க கம்பெனி முடிவு பண்றதில்லை. லண்டன் பக்கத்து நெட்வொர்க் தன் காசுக் கணக்கைப் பார்த்து முடிவு பண்ணும். லண்டன்ல உங்ககூட வேலை பார்க்கிறவங்க யாரையாவது அங்கிருந்து உங்க முகவரிக்கு ட்ரேஸ்ரூட் போடச் சொல்லுங்க.

11 ஜூன், இரவு 8.30

வந்தாச்சு. லண்டன், நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், சிங்கப்பூர், சென்னை. உலகத்தை முக்கால் சுத்து சுத்தி ஒண்டிக்கடைக்கு வருது. ஐயா, பந்தயத்துல நான் பாதி ஜெயிச்சேன், தட்டுவடையில் பாதி எனக்கு.

லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குக் கிழக்கே வராம ஏன் மேற்கே போச்சுன்னு அஸ்தம்பட்டியிலிருந்து ஒருத்தர் கேட்கிறார். நல்ல கேள்வி. ஐரோப்பாவையும் ஆசியாவையும் சேர்க்கிற கேபிள்களில் பெரும்பாலானது செங்கடலில் ஏறி எகிப்தைத் தரைவழியா கடக்கும். அங்க கடக்கிற உரிமைக்குக் கட்டணம் உண்டு, நம்ம தொப்பூர் டோல்கேட் மாதிரி, ஆனா சுத்திப்போக ஊர்ச்சாலை கிடையாது. விபத்தும் அங்கேதான் கூட்டம் கூட்டமா வரும். 2008 ஜனவரி கடைசியில் அலெக்சாண்ட்ரியா பக்கம் ரெண்டு கேபிள் அறுந்து இந்தியா திணறிச்சு. 2024 பிப்ரவரியில் செங்கடலில் ஏவுகணை பட்டுக் கைவிட்ட ஒரு கப்பலோட நங்கூரம் தரையோட இழுபட்டு கேபிள்களை அறுத்திருக்கணும்னு சொன்னாங்க. அட்லாண்டிக்கிலும் பசிபிக்கிலும் கேபிள் நிறைய, போட்டி நிறைய, விலை குறைவு. தூரம் ரெண்டு மடங்கா இருந்தா என்ன, தாமதம் யாரோடது?

12 ஜூன், இரவு 10.10

இப்ப ஒரு பாவமன்னிப்பு. கம்பெனிக்காரனைத் திட்டி எழுதியாச்சு, நானும் அந்தப் பக்கம் உட்கார்ந்தவன்தான்.

சேலத்தில் ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனியில் ஏழு வருஷம் ரூட்டர் பார்த்தேன். பெயர் வேண்டாம். டிரான்சிட் கொடுக்கிற பெரிய கம்பெனிக்காரங்க எங்களுக்குப் பில் எப்படிப் போடுவாங்க தெரியுமா? ஐந்து நிமிஷத்துக்கு ஒரு அளவு எடுப்பாங்க. முப்பது நாளுக்கு 8,640 அளவு. அதுல உச்சத்தில் இருக்கிற 5 சதவீதத்தை, அதாவது 432 அளவை, தள்ளிடுவாங்க. அடுத்து எது பெரிசோ அதுக்குக் காசு. ஆக, மாசத்தில் 36 மணி நேரம் எவ்வளவு கொட்டினாலும் இலவசம். கேட்க தாராளமா இருக்கும். ஆனா நம்ம ஊர்ல கூட்டம் தினமும் ராத்திரி எட்டிலிருந்து பதினொண்ணு வரைக்கும். தினம் மூணு மணி நேரம், மாசம் 90 மணி நேரம். 36க்குள்ள ஒளிக்க முடியுமா?

அதனால ஐரோப்பா பக்கத்து லைன் நிரம்பற நேரம் பார்த்து, சில முகவரிக் கட்டுகளை (வாடிக்கையாளர்களோட இன்டர்நெட் முகவரித் தொகுதிகளை) "இதுக்கு சிங்கப்பூர் வழியா வாங்க"ன்னு அறிவிச்சுடுவேன். பத்து நிமிஷ வேலை. மாசக் கடைசியில் முதலாளி தோளைத் தட்டுவார். அந்தக் கட்டுக்குள்ள எத்தனை பேர் லண்டன் கம்பெனிக்கு வேலை பார்த்தாங்களோ, நான் யோசிச்சதே இல்லை.

இதுல இன்னொரு லாரிக் கணக்கும் உண்டு. வீட்டு இணைப்பு நெட்வொர்க்குக்கு உள்ளே வர்ற பக்கம் வழியும், வெளியே போற பக்கம் காலி. மும்பையில் லோடு இறக்கிட்டு வெறும் வண்டியாத் திரும்பறதுக்கு, கிடைச்ச வாடகைக்கு ரிட்டர்ன் லோடு ஏத்துவாங்க இல்லையா, அதே மாதிரி காலிப் பக்கத்தை டேட்டா சென்டர்காரங்களுக்கு அடிமாட்டு விலைக்குக் கொடுத்திருக்கோம். தம்பியோட போற வழி சுத்தமா இருந்ததும் திரும்பற வழி கெட்டதும் தற்செயல் இல்லை. வர்ற பக்கத்துக்குத்தான் பில்.

14 ஜூன், மதியம் 1.15

மாமனார் வீட்டுக் காப்பிக் களத்தில் ஒரு கேமரா மாட்டினோம். களம் வீட்டிலிருந்து முந்நூறு மீட்டர். ஆனா கொட்டை காயுதான்னு போன்ல பார்த்தா படம் சிங்கப்பூர் போய்ட்டு வருது. பியரிங் லட்சணத்தைப் பாருங்கன்னு எழுத வந்தேன்.

14 ஜூன், மதியம் 2.40

அது பியரிங் இல்லை, கேமரா கம்பெனியோட சர்வர் சிங்கப்பூர்ல இருக்கு, அதுக்கு யாரும் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு மூணு பேர் வந்து சொல்லிட்டீங்க. சரிதான். குருவி வந்து கொத்தினா மாமனார் ஜன்னலைத் திறந்து கத்திடறார், அது இன்னும் வேகம்.

15 ஜூன், காலை 9.30

"ரெண்டு ஒயரும் ஒரே கம்பத்தில்தானே தொங்குது, அங்கேயே முடிச்சுப் போட்டா என்ன?"ன்னு குகையிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார். எனக்கும் அந்த ஆசை வந்ததுண்டு. முடியாது. நம்ம கேபிள் டிவி அண்ணன்மார் பெரும்பாலும் பெரிய கம்பெனிக்கு ஏஜென்சி எடுத்தவங்க. ஒயர் அவங்களுது, வாடிக்கையாளர் அவங்களுது. முகவரி, ரூட்டர், எந்த வழிங்கிற முடிவு எல்லாம் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ. சொந்தமா ஏ.எஸ். எண் (ஒரு நெட்வொர்க்குக்கு உலக அளவில் தர்ற அடையாள எண்) இருக்கிறவங்கதான் பியரிங் பேச முடியும். கம்பத்தில் முடிச்சுப் போட்டா ரெண்டு கம்பி சேரும், ரெண்டு நெட்வொர்க் சேராது.

எண் இருக்கிறவங்க சேர்றது எவ்வளவு சுலபம்னு பாருங்க. 2011ல பாக்கெட் கிளியரிங் ஹவுஸ்ங்கிற, சந்திப்பு மையங்களுக்கு உதவுற அமைப்பு உலகம் முழுக்க 1,42,210 பியரிங் உறவுகளை விசாரிச்சுது. அதுல எழுத்தில் ஒப்பந்தம் போட்டது 698தான். மீதி எல்லாம் வாய்ச்சொல். செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரங்ககூட இப்படித் துண்டுச்சீட்டில்லாம வியாபாரம் பண்ணுவாங்களான்னு சந்தேகம்.

முறுக்கிக்கிட்டா முறுக்கினதுதான். ஹரிக்கேன் எலக்ட்ரிக், கோஜென்ட்ன்னு ரெண்டு பெரிய அமெரிக்க நெட்வொர்க்குகள் ஐபிவி6 (புது வகை இன்டர்நெட் முகவரி) டிராஃபிக்கை நேரா மாத்திக்கலை. 2009ல ஹரிக்கேன்காரங்க ஒரு பெரிய கேக்கில் "எங்களோட பியரிங் பண்ணுங்க"ன்னு எழுதி மாநாட்டுக்கே கொண்டு வந்தாங்க. கேக்கைச் சாப்பிட்டாங்க, பியரிங் நடக்கலை. தென் கொரியாவில் 2016லேருந்து, அனுப்புற நெட்வொர்க் வாங்குற நெட்வொர்க்குக்குக் காசு கொடுக்கணும்னு விதி. அங்க நெட்வொர்க் செலவு கட்டுப்படியாகலைன்னு சொல்லி நேரலை வீடியோ தளமான ட்விச் 2024 பிப்ரவரியில் கடையைக் கட்டிடுச்சு. நிக்சியில் அப்ப இழுத்தவன் கொடுக்கணும்னு இருந்துச்சு, அங்க அனுப்பினவன் கொடுக்கணும். எந்தப் பக்கம் பில் போட்டாலும் பாக்கெட் வேற வாசலைத் தேடிப் போயிடுது.

18 ஜூன், இரவு 9.50

தம்பி ரெண்டு ட்ரேஸ்ரூட்டையும் சேர்த்து அனுப்பினதும் கம்பெனியில் விவரம் தெரிஞ்ச ஒரு ஆள் கிடைச்சிருக்கார். மலை ஏரியான்னு சொல்லாம, "சிங்கப்பூர் பக்கம் ப்ரிபெண்ட் போட்டிருக்கோம், சரியாயிடும்"னு சொன்னாராம். ப்ரிபெண்ட்ன்னா, அறிவிப்புல தன் எண்ணையே மூணு நாலு தடவை எழுதி "இந்த வழி ரொம்ப நீளம், வராதீங்க"ன்னு நடிக்கிறது.

சரியாகலைன்னு தம்பி சொல்றார். ஆகாது. 8ஆம் தேதி காலைக் குறிப்பைப் பாருங்க. எண்ணிக்கை பார்க்கிறதுக்கு முன்னாடி காசு வரிசை பார்ப்பாங்க. லண்டன் பக்கத்து நெட்வொர்க்குக்கு அந்த சிங்கப்பூர் கம்பெனி காசு கொடுக்கிற வாடிக்கையாளரா இருந்தா, நாலு தடவை என்ன, நாற்பது தடவை எழுதினாலும் அந்த வழிதான். கம்யூனிட்டி குறி (அறிவிப்போட ஒட்டி அனுப்பற ஒரு கட்டளை எண்) போட்டு, "இந்தக் கட்டை அவங்ககிட்ட அறிவிக்காதே"ன்னு சிங்கப்பூர்காரங்ககிட்டச் சொல்லணும். அந்த ஆளுக்கு இதை அனுப்புங்க. கோவிச்சுக்க மாட்டார், நானும் இதே தப்பை ஒரு தீபாவளி வாரம் முழுக்கப் பண்ணினவன்.

21 ஜூன், காலை 8.05

143! தம்பி படம் போட்டிருக்கார். சந்தோஷம். இழையை மூடிடலாமா?

21 ஜூன், இரவு 10.30

மூட வேண்டாம். இப்ப 241ங்கறார்.

23 ஜூன், காலை 7.15

ரெண்டு நாள் கணக்கெடுத்துப் பார்த்தோம். பகல் முழுக்க 143, 144. ராத்திரி எட்டேகாலுக்கு 240க்குத் தாவுது. பதினொன்றரைக்கு மேல தானா இறங்குது. 12ஆம் தேதி நான் எழுதினதைத் திரும்பப் படிச்சேன். அங்க இப்ப என் நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருக்காங்க, இல்லைன்னா அதைச் செய்ய ஒரு நிரல் எழுதி வெச்சிருக்காங்க. கூட்ட நேரத்தில் குறியை எடுக்கிறது, கூட்டம் கலைஞ்சதும் போடறது. முதலாளி தோளைத் தட்டுவார்.

பக்கத்து வீட்டு இணைப்புக்கு மாறிடவான்னு தம்பி கேட்டார். மாறலாம், அவங்க ஐரோப்பா லைன் என்னைக்கு நிரம்பும்னு யாருக்குத் தெரியும்? வேற ஒரு வழி சொன்னேன். ராத்திரி ஒன்பது மணி மீட்டிங் லண்டன்ல சாயங்காலம் நாலரை. அதை நம்ம ஆறு மணிக்கு மாத்தினா அவங்களுக்கு மதியம் ஒன்றரை. கேட்டுப் பார்த்திருக்கார். சாப்பாட்டு நேரமாச்சேன்னு முனகிட்டு ஒத்துக்கிட்டாங்களாம்.